கொதிக்கும் ஊரில் நீர்த்த எண்ணெய்

வேலூரிலும் திருச்சியிலும் கோடை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதன்று. ஆயினும் அங்கே ஓடும் புதிய பெட்ரோல் கார்கள் பலவற்றின் கையேடு, '0டபிள்யூ-20' என்று குறிக்கப்பட்ட எஞ்சின் ஆயிலையே ஊற்றச் சொல்கிறது. டப்பாவைச் சாய்த்தவுடன் நீர்த்து ஓடும் அந்த எண்ணெயைப் பார்க்கும்போது, அம்பாசிடர் காலத்திலிருந்து வண்டிகளைப் பழுதுபார்த்துப் பழகிய மெக்கானிக், இந்த ஊர் வெயிலுக்கு இது தாங்காது, கெட்டியான 20டபிள்யூ-40 போடுவதே நல்லது என்று சொல்வதும், வண்டிக்காரர் அதை நம்பிவிடுவதும் இயல்பாகவே நடக்கின்றன. சூடு ஏற ஏற எண்ணெய் இளகும் என்பதை எல்லாரும் அறிவர். அப்படியிருக்க, வெப்பம் மிகுந்த நாட்டில் கெட்டியான எண்ணெய்தானே பொருத்தம் என்னும் வாதத்தில் பிழை எங்கே இருக்கிறது? அதைக் கண்டறிய, எண்ணெய் எஞ்சினுக்குள் உண்மையில் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சுமையைத் தூக்கும் படலம்

வழுக்க வைப்பதே எண்ணெயின் வேலை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் எஞ்சினின் முதன்மையான பாகங்களில் அது செய்யும் வேலை, சுமையைத் தூக்கிப் பிடிப்பதாகும். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு, 'தாங்கி' எனப்படும் பேரிங்குகளுக்குள் சுழல்கிறது. தண்டுக்கும் தாங்கிக்கும் இடையே விடப்படும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அந்தக் குறுகிய இடத்தில் நிறைந்திருக்கும் எண்ணெய்ப் படலம், எரியும் பெட்ரோல் பிஸ்டனை அழுத்தும் விசை முழுவதையும் ஏற்றுக்கொண்டு, இரு உலோகப் பரப்புகளும் ஒன்றையொன்று தொடாமல் காக்கிறது.

இந்த உண்மை வெளிப்பட்ட விதம் அறிவியல் வரலாற்றில் சுவையானது. 1883 ஆம் ஆண்டில் பிரிட்டனின் இயந்திரப் பொறியாளர் சங்கத்துக்காக ரயில் அச்சுகளின் தாங்கிகளை ஆராய்ந்துகொண்டிருந்த பீச்சம் டவர் என்பவர், எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளையிட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் அந்தத் துளை வழியே எண்ணெய் உள்ளே போவதற்கு மாறாக வெளியே பொங்கி வந்தது. கட்டையை வைத்து அடைத்தபோது, எண்ணெய் அந்த அடைப்பையும் மெல்லத் தள்ளி வெளியேற்றியது. பின்னர் அங்கே அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, எண்ணெயின் அழுத்தம் தாங்கியின் மேல் இருந்த சராசரிச் சுமையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு என்று தெரிந்தது. சுழலும் தண்டு தன்னோடு எண்ணெயை இழுத்துச்சென்று குறுகிக்கொண்டே போகும் இடைவெளிக்குள் திணிப்பதாலும், வெளியேற வழி போதாத எண்ணெய் அழுத்தம் பெற்று ஓர் ஆப்பைப் போலத் தண்டைத் தூக்கிவிடுவதாலும் இது நிகழ்கிறது என்று 1886 இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கணித வழியில் விளக்கினார். மழைநீர் தேங்கிய சாலையில் விரைந்து செல்லும் காரின் டயர் தரையை விட்டு நீரின் மேல் எழும்பிவிடுவதும் இதே செயல்தான். சாலையில் உயிருக்கு ஆபத்தான அந்த நிகழ்வு, எஞ்சினுக்குள் ஒவ்வொரு நொடியும் நிகழ்ந்தாக வேண்டும்.

ஆப்பு உருவாவதற்கு இரண்டு தேவைகள் உண்டு: தண்டு போதிய வேகத்தில் சுழல வேண்டும், எண்ணெய் எளிதில் பிதுங்கி ஓடிவிடாத அளவுக்குத் தடை கொண்டிருக்க வேண்டும். ஒரு திரவம் தன் ஓட்டத்துக்குத் தானே காட்டும் இத்தடையே 'பாகுநிலை' எனப்படுகிறது. அது மிகக் குறைந்தால் படலம் கிழியும். மிக அதிகமானாலோ எண்ணெய் சேர வேண்டிய இடத்துக்கு நேரத்தில் சேராது. அதைக் கலக்கிக்கொண்டே சுழல்வதில் எரிபொருளும் வீணாகும். ஆகவே 'கெட்டியான எண்ணெய் நல்ல எண்ணெய்' என்று சொல்ல இயற்பியலில் இடமில்லை. ஒவ்வோர் எஞ்சினுக்கும் அதன் இடைவெளிக்கும் வேகத்துக்கும் ஏற்ற பாகுநிலை என்ற ஒன்று உண்டு.

வெளியே 40, உள்ளே 100

பழைய வாதத்தின் பிழை இங்கேதான் வெளிப்படுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குள் எண்ணெயின் வெப்பநிலையைப் பெரும்பாலும் முடிவு செய்வது வெளியே அடிக்கும் வெயிலன்று. எரியும் பெட்ரோலும், அந்த வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்கும் குளிர்விப்பு அமைப்புமே. குளிர்விக்கும் நீர்மம் ஏறத்தாழ 80 முதல் 90 டிகிரியை எட்டும்வரை 'தெர்மோஸ்டாட்' என்னும் வெப்பத் தடுக்கிதழ் ரேடியேட்டருக்குச் செல்லும் வழியை மூடியே வைத்திருக்கும். எட்டிய பிறகு திறந்து, வெப்பநிலை மேலும் ஏறாதபடி பார்த்துக்கொள்ளும். எனவே ஊட்டியின் குளிரிலும் சரி, திருச்சியின் வெயிலிலும் சரி, நன்கு ஓடிச் சூடான எஞ்சினின் அடித்தொட்டியில் எண்ணெய் பொதுவாக 90 முதல் 110 டிகிரிக்குள் நிற்கிறது. தாங்கிகளின் மெல்லிய இடைவெளிக்குள் அது நசுங்கி உராயும்போது வெப்பம் 150 டிகிரியையும் நெருங்கக்கூடும். அந்த வெப்பத்துக்கு முன்னால், இரண்டு ஊர்களின் வானிலைக்கு இடையே உள்ள முப்பது டிகிரி வேறுபாட்டுக்கு அவ்வளவு எடையில்லை.

வெளி வெப்பம் தன் முழு வலுவோடு பேசுவது ஒரே ஒரு தருணத்தில்தான்: இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது. அப்போதும் அது பழைய வாதத்துக்கு எதிர்த்திசையில்தான் பேசுகிறது. பாகுநிலையை அளக்கும் 'சென்டிஸ்டோக்' என்னும் அலகில், அறை வெப்பநிலையில் உள்ள தண்ணீரின் மதிப்பு ஏறத்தாழ 1. கடையில் கிடைக்கும் 0டபிள்யூ-20 எண்ணெய் ஒன்றின் மதிப்பு 100 டிகிரியில் சுமார் 8 ஆகவும், 40 டிகிரியில் சுமார் 43 ஆகவும் இருக்கும். அதாவது, கோடை நடுப்பகலில் கிளப்பினால்கூட, நீர்த்தது என்று அஞ்சப்படும் இந்த எண்ணெய், எஞ்சின் தன் இயல்பான ஓட்டத்தில் எதிர்பார்க்கும் அளவைவிட ஐந்து மடங்குக்கு மேல் கெட்டியாக இருக்கிறது. 20டபிள்யூ-40 எண்ணெயோ அதே 40 டிகிரியில் 120ஐத் தாண்டி நிற்கும். அடித்தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி எஞ்சினின் உச்சியில் உள்ள கேம் தண்டு வரை அனுப்பும் பம்ப், இத்தனை கெட்டியான எண்ணெயை நுண்ணிய வழிகளுக்குள் தள்ள முயலும்போது அழுத்தம் எல்லை மீறுகிறது. உடனே ஒரு பாதுகாப்பு அடைப்பிதழ் திறந்து, எண்ணெயில் ஒரு பகுதியை வேலை செய்யாமலேயே தொட்டிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. தேய்மானம் அதிகம் நிகழும் முதல் சில நொடிகளில் உலோகத்துக்குக் கிடைக்க வேண்டிய எண்ணெய் இவ்வாறு தாமதமாகிறது.

தமிழ்நாட்டின் எந்த மூலையிலும், எந்தக் காலையிலும், எண்ணெய் தேவைக்கு மேல் கெட்டியாகவே இருக்கிறது என்பதே உண்மை நிலை.

டப்பாவின் மேல் இரண்டு எண்கள்

எண்ணெய்களை எண்களால் வகைப்படுத்தும் முறையை 1911 ஆம் ஆண்டிலேயே தொடங்கியது, எஸ்ஏஇ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம். இன்று டப்பாவில் காணப்படும் இரட்டை எண்ணில், குளிர்காலத்தைக் குறிக்கும் டபிள்யூ எழுத்துக்கு முன்னால் வரும் எண், கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு இறுகாமல் இருக்கும் என்பதைச் சொல்கிறது. எண் சிறிதானால் குளிரில் ஓடும் திறன் பெரிது. 0டபிள்யூ எண்ணெய் உறைநிலைக்குக் கீழே 35 டிகிரியிலும், 15டபிள்யூ எண்ணெய் உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியிலும் எஞ்சினைச் சுழல விடுகின்றனவா என்று சோதிக்கப்படுகின்றன. இத்தகைய குளிர் லடாக்கில் உண்டு, தமிழ்நாட்டில் இல்லை. ஆகையால் இந்த முதல் எண்ணுக்காக மட்டும் இங்கே எவரும் கவலைப்பட வேண்டியதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது எண்தான் எஞ்சினின் அன்றாட உயிர்நாடி. அது 100 டிகிரியில் எண்ணெயின் பாகுநிலை எந்த வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதைக் குறிப்பதோடு, 150 டிகிரியில், தாங்கிக்குள் நசுங்குவதற்கு ஒப்பான கடும் அறுப்பு விசையின் கீழும் எண்ணெய் எவ்வளவு தடித்திருக்க வேண்டும் என்ற கீழ்வரம்பையும் நிர்ணயிக்கிறது. மில்லிபாஸ்கல்-நொடி என்னும் அலகில் அந்தக் கீழ்வரம்பு, 20 என்ற எண்ணுக்கு 2.6, 30க்கு 2.9, 40க்கு 3.5 அல்லது அதற்குச் சற்று மேல். படலத்தின் தடிமனை இந்த மதிப்பே பெரிதும் தீர்மானிக்கிறது என்பதால், 20 எண்ணெய் தரும் படலம் 40 எண்ணெய் தருவதைவிட மெல்லியது என்பதில் மெக்கானிக்கின் உள்ளுணர்வு சரியே. அவர் கணக்கில் விடுபடுவது, 20 எண்ணெய்க்கென வடிவமைக்கப்பட்ட எஞ்சினில் தாங்கிகளின் அகலமும் இடைவெளியும் பரப்பின் வழவழப்பும் அந்த மெல்லிய படலத்துக்கே போதுமானவையாகச் செய்யப்பட்டிருக்கின்றன என்பதுதான். வால்வுகள் திறக்கும் நேரத்தை ஓட்டத்துக்கேற்ப மாற்றும் நவீன அமைப்புகளும் எண்ணெயின் அழுத்தத்தாலேயே இயங்குவதால், அவையும் குறிப்பிட்ட பாகுநிலையை எதிர்பார்த்தே அளவிடப்பட்டுள்ளன.

இதிலிருந்து ஒரு தெளிவான முன்னுரிமை கிடைக்கிறது. கையேடு சொல்வதைவிட மெல்லிய எண்ணெயை இடுவது ஆபத்து; ஒரு படி கெட்டியானதை இடுவது பெரும்பாலும் உடனடிக் கேடு செய்யாது, ஆனால் மைலேஜைக் குறைக்கும். சில கையேடுகள் ஒன்றுக்கு மேற்பட்ட எண்களை வெப்பநிலைப் பட்டியலோடு அனுமதிக்கின்றன. நிறைந்த சுமையோடு மலைச்சாலையில் அடிக்கடி ஏறும் வண்டிக்கோ, பல ஆண்டு ஓடி எண்ணெயைக் குடிக்கத் தொடங்கிய வண்டிக்கோ அந்தப் பட்டியலுக்குள் இருக்கும் கெட்டியான எண்ணைத் தேர்ந்துகொள்வது நியாயமான முடிவு. பட்டியலில் இல்லாத 20டபிள்யூ-50ஐப் புதிய எஞ்சினில் ஊற்றுவதற்கு அப்படி ஒரு நியாயமும் இல்லை.

எழுத்துகள் சொல்வது

ஒரே எண் கொண்ட இரண்டு டப்பாக்கள் ஒரே தரமானவை அல்ல. எண்ணெயில் பெரும்பகுதி மூல எண்ணெய். எஞ்சியவை சேர்க்கைப் பொருள்கள். அழுக்கு ஒட்டாமல் காப்பவை, எரிப்பில் விளையும் அமிலத்தை முறிப்பவை, கரித்துகளைத் திரளவிடாமல் மிதக்க வைப்பவை, ஆப்பு உருவாகாத கிளம்பும் நொடிகளில் உலோகத்தின் மேல் காப்புப் பூச்சாகப் படியும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மங்கள் எனப் பலவும் அவற்றில் அடங்கும். இந்தக் கூட்டின் தரத்தை, ஏபிஐ என்னும் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் பெட்ரோல் எஞ்சின்களுக்கு 'எஸ்' என்று தொடங்கும் ஈரெழுத்துகளால் குறிக்கிறது. இரண்டாம் எழுத்து அகரவரிசையில் முன்னேற முன்னேறத் தரம் புதியது. 2010 இல் வந்த எஸ்என் தரத்துக்குப் பின், 2020 இல் எஸ்பி தரம் வந்தது. டர்போ பொருத்திய சிறிய எஞ்சின்களில், குறைந்த வேகத்தில் அழுத்தி ஓட்டும்போது தீப்பொறிக்கு முன்பாகவே எரிபொருள் தானே பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் சிக்கலைத் தடுப்பது அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. எண்ணெயில் உள்ள கால்சியம் அந்த முன்பற்றலைத் தூண்டுவது கண்டறியப்பட்டதால், அதில் ஒரு பகுதிக்குப் பதிலாக மக்னீசியம் சேர்மங்கள் இடம்பெற்றன. கையேடு எஸ்என் கேட்டால் எஸ்பி ஊற்றலாம். எஸ்பி கேட்கும் வண்டிக்கு விலை மலிவென்று பழைய தரத்தை ஊற்றுதல் கூடாது.

டீசல் காரில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுதும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குப் பின், டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி பொருத்தப்படுகிறது. பிடிபட்ட கரியை அவ்வடிகட்டி அவ்வப்போது எரித்துத் தீர்த்துவிடும். ஆனால் எஞ்சினுக்குள் சிறுகச் சிறுக எரியும் எண்ணெயின் உலோகச் சேர்க்கைகள் விட்டுச்செல்லும் சாம்பல் எரியாமல் தங்கி அதை அடைத்துவிடும். அதனால்தான் அத்தகைய வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த, ஐரோப்பிய 'ஏசிஇஏ' தரவரிசையில் 'சி' எழுத்துப் பெற்ற எண்ணெய்கள் கேட்கப்படுகின்றன. வீட்டில் காரும் பைக்கும் சேர்ந்து நிற்கும் குடும்பங்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ளலாம்: பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கியிருப்பதால், உராய்வைக் குறைக்கும் சேர்க்கைகள் கொண்ட கார் எண்ணெயில் மீந்ததை அதில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும்.

'சிந்தெடிக்' என்ற சொல்லுக்காகத் தனியாக மனத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. 0டபிள்யூ-20 போன்ற பரந்த வெப்ப வீச்சுள்ள எண்ணெயை உயர்ந்த முறையில் சுத்திகரித்த அல்லது செயற்கையாக ஆக்கிய மூல எண்ணெய் இல்லாமல் செய்வது கடினம் என்பதால், எண்ணைச் சரியாகத் தேர்ந்தாலே அந்தக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது.

நகரத்து 4,000, நெடுஞ்சாலை 10,000

எண்ணெயை எப்போது மாற்றுவது என்ற கேள்விக்கு, ஒரே மாதிரியான இரண்டு பெட்ரோல் கார்களை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டின் கையேடும் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறது என்று கொள்வோம். முதல் கார் தாம்பரத்தில் ஒரு வீட்டில் இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, கடைக்குப் போவது என்று மூன்று கிலோமீட்டர்த் தொலைவுகளிலேயே ஓடி, ஆண்டில் 4,000 கிலோமீட்டரை எட்டுகிறது. இரண்டாவது கார் சென்னைக்கும் மதுரைக்கும் இடையே வாரந்தோறும் சென்று திரும்பி, மூன்று மாதத்துக்குள் 10,000 கிலோமீட்டரைத் தொட்டுவிடுகிறது.

மீட்டரை மட்டும் பார்த்தால் தாம்பரத்துக் கார் பாதித் தொலைவைக்கூடத் தாண்டவில்லை. எஞ்சினின் கணக்கோ வேறு. நெரிசலில் அதன் சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால், 4,000 கிலோமீட்டருக்கு எஞ்சின் 200 மணி நேரம் ஓடியிருக்கிறது. நெடுஞ்சாலைக் கார் மணிக்கு 70 கிலோமீட்டரில் 10,000 கிலோமீட்டரைக் கடக்க 143 மணி நேரமே போதும். நகரத்தில் நிமிடத்துக்குச் சராசரியாக 1,400 சுற்று, நெடுஞ்சாலையில் 2,300 சுற்று என்று வைத்துப் பெருக்கினால், முதல் எஞ்சின் ஏறத்தாழ 1.7 கோடி முறையும், இரண்டாவது ஏறத்தாழ 2 கோடி முறையும் சுழன்றிருக்கின்றன. தொலைவில் இரண்டரை மடங்கு வேறுபட்ட இரு வண்டிகளும் உழைப்பில் கிட்டத்தட்டச் சமம்.

தாம்பரத்துக் காருக்குக் கூடுதல் துன்பம் ஒன்றும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. லிட்டருக்கு 13 கிலோமீட்டர் மைலேஜ் என்றால், ஆண்டில் அந்த எஞ்சின் 300 லிட்டருக்கு மேல் தண்ணீரை உண்டாக்குகிறது. அதில் பெரும்பகுதி புகையோடு வெளியேறினாலும், சிறுபகுதி பிஸ்டன் வளையங்களின் ஓரமாகக் கசிந்து, எரியாத பெட்ரோலோடும் அமில வாயுக்களோடும் எண்ணெயில் கலக்கிறது. நீண்ட பயணத்தில் எண்ணெய் 100 டிகிரியை ஒட்டி நெடுநேரம் நிற்பதால் இந்தத் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகிப் போய்விடும். பத்து நிமிடத்தில் முடியும் பள்ளிப் பயணத்தில் குளிர்விப்பு நீர்மம் சூடாகிவிட்டாலும், அதைவிட மெதுவாகச் சூடேறும் எண்ணெய் அந்த நிலையை எட்டுவதேயில்லை. கலந்தவை கலந்தபடியே தங்கி, அமிலத்தை முறிக்கும் சேர்க்கைகளைத் தின்று தீர்க்கின்றன. இத்தகைய ஓட்டத்தைத்தான் பல கையேடுகள் 'கடும் பயன்பாடு' என்று தனிப் பக்கத்தில் குறிப்பிட்டு, இடைவெளியைக் குறைக்கச் சொல்கின்றன. தெருவுக்குள்ளேயே ஓடும் வண்டி சொகுசாக இருப்பதாக எண்ணி, ஓராண்டைக் கடந்தும் எண்ணெயை விட்டுவைப்பவர்கள் இந்தப் பக்கத்தை அவசியம் படிக்க வேண்டும்.

கறுப்பு நிறம் குற்றமன்று

டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்து, எண்ணெய் கறுத்துவிட்டது, ஆகவே மாற்ற வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கம் பரவலானது. கரித்துகளை மிதக்க வைக்கும் சேர்க்கைகள் தம் வேலையைச் செய்தால் எண்ணெய் கறுக்கத்தான் செய்யும்; டீசல் எஞ்சினில் புது எண்ணெய்கூடச் சில நாள்களிலேயே கறுத்துவிடும். நிறத்தைவிட அளவே அதிகம் பேசுகிறது. அளவு இறங்கினால் எண்ணெய் கசிகிறது அல்லது எரிகிறது. அளவு ஏறினால் அதைவிடக் கவலை கொள்ள வேண்டும்: டீசல் காரின் புகைக்குழாய் வடிகட்டியில் கரியை எரிப்பதற்காகக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசல் எண்ணெயில் இறங்கியிருக்கலாம். பாலேடு போன்ற வெண்மை கண்டால், குளிர்விப்பு நீர்மம் எண்ணெயோடு கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால் வண்டியை உடனே பட்டறையில் காட்ட வேண்டும்.

மாற்றும் வேலை

மாற்றும் வேலையின் முறை ஒவ்வொன்றுக்கும் மேலே கண்ட இயற்பியலே காரணம். எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிப்பது நல்லது. இளகிய எண்ணெய் மிதக்கும் அழுக்கையும் தன்னோடு இழுத்துவரும். கை சுடும் அளவுக்குக் கொதித்திருந்தால் காத்திருக்க வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகாமல், உறுதியான முட்டுகளின் மேல் நிறுத்திய பிறகே கீழே போக வேண்டும். டிரெயின் போல்ட்டைத் திரும்பப் பூட்டும்போது புது வாஷர் போடுவதும், கையேடு குறித்த இறுக்கத்துக்கு மேல் முறுக்காமல் இருப்பதும் முக்கியம். அலுமினியத் தொட்டியின் மரை பிய்ந்துவிட்டால் செலவு பெரிது. எண்ணெயோடு ஃபில்டரையும் மாற்ற வேண்டும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் சில வேளைகளில் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரைப் பூட்டினால், இரண்டு வளையங்களுக்கு நடுவே எண்ணெய் அழுத்தத்தோடு பீய்ச்சி வெளியேறி, சில நிமிடங்களில் தொட்டி காலியாகிவிடும்.

புது எண்ணெயைக் கையேடு சொன்ன அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து நிரப்ப வேண்டும். மேல் கோட்டைத் தாண்டினால் சுழலும் கிராங்க் தண்டு எண்ணெயில் அடித்து நுரையெழுப்பும். நுரையில் உள்ள காற்று நசுங்கிவிடுமாகையால் அது தண்டைத் தூக்காது. கிளப்பியவுடன் சிவப்பு எண்ணெய் விளக்கு ஓரிரு நொடியில் அணைய வேண்டும். அந்த விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதன்று, அழுத்தத்தைக் காட்டுவது. ஓடும் வண்டியில் அது எரிந்தால், வீடு வரை போய்ப் பார்க்கலாம் என்று எண்ணாமல், ஓரமாக ஒதுங்கி அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

வடித்த பழைய எண்ணெய் இந்தியச் சட்டப்படி அபாயகரக் கழிவு. சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றினால் நிலத்தடி நீரைக் கெடுக்கும். அதை மூடியுள்ள கேனில் சேர்த்து, உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் ஒப்படைக்கலாம். சேர்க்கைகள் தீர்ந்து அழுக்கேறியிருந்தாலும் மூல எண்ணெயின் பெரும்பகுதி கெடாமலே இருப்பதால், தண்ணீரையும் எரிபொருளையும் கரியையும் உலோகத்தையும் பிரித்தெடுத்த பின், அதே எண்ணெய் புதிய சேர்க்கைகளோடு மீண்டும் எஞ்சினுக்குள் போகத் தகுதி பெறுகிறது.